உடைமரம்

உவர்மண்ணிலும் மணலிலும் வளரும் முள்மரம் இது; குடைவேல் என்றும் பெயருண்டு. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளும் இலங்கையின் வறண்ட வடபுலமும் இதன் தாயகம். உச்சி தட்டையாகப் பரந்திருப்பதால் தூரத்திலேயே அடையாளம் தெரியும். கிட்டப் போனால் ஒரே கிளையில் இருவகை முள்: விரல் நீளத்துக்கு வெள்ளையாய் நேரே நீட்டியவை, கொக்கிபோல் வளைந்த குட்டையானவை. பூ வெண்பந்து, காய் முறுக்கிச் சுருண்டிருக்கும்.

புறநானூற்றின் 324ஆம் பாட்டில் வேட்டுவச் சிறுவர், துளையுள்ள உடைமுள்ளை ஊகம்புல்லின் கோலில் செருகி அம்பாக்கி எலி வேட்டையாடுகிறார்கள். வெள்ளைமுள்ளைப் பார்த்தவருக்கு அந்தப் பாட்டில் உரை தேவைப்படாது. தாவரவியல் ஏட்டில் உடை ஏறியது 1834இல்தான். இராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்நாட்டும் அதை அக்கேசியா பேரினத்தில் சேர்த்தார்கள். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே ஒதுக்கியது. உடை இப்போது வச்சேலியா பிளானிஃப்ரான்ஸ்.

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தின் செம்மண்ணில் இதைத் தேடுவது வீண். கிணற்றுநீர் பாய்ச்சி வெங்காயமும் புகையிலையும் வைக்கும் தோட்டத்தில் முள்மரத்துக்கு யார் இடம் விடுவார்? ஏர் தொடாத தரவையும் கடல்நீரேரிக் கரையும்தான் உடையின் இடம். மன்னார்த் தீவில் அதை நிறையவே காணலாம்.

தோட்டக்காரன் ஒதுக்கிய மரத்தை ஆடு வளர்ப்பவர் ஒதுக்கவில்லை. கொக்கத்தடியால் கொப்பை வளைத்து ஆட்டுக்குக் குழை போடுவார்கள். கோடையில் உதிரும் காயும் ஆட்டுக்குத் தீனி. வெட்டிய முள் வேலி அடைக்க உதவும். வைரம் பாய்ந்த கட்டை கனமானது, நின்று எரியும். அந்த நல்ல குணமே மரத்துக்குக் கேடாயிற்று. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதாகி, யாழ்ப்பாணக் குடாநாட்டு அடுப்புகள் விறகையே நம்பின. விறகுக்கு ஆகும் மரம் எதுவும் அப்போது தப்பவில்லை.

உடையென்று பலர் தவறாக எண்ணும் இன்னொரு முள்மரமான சீமைக்கருவேலின் வரலாறு வேறு. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த அது, 1950களில் உவர்நிலத்தைத் திருத்தவென்று அம்பாந்தோட்டையில் நடப்பட்டது. இன்று பூந்தல தேசிய பூங்காவில் அதை அகற்ற ஆள் வைக்கவேண்டியிருக்கிறது. மண்ணுக்குரிய உடை இருக்க அதைக் கொண்டுவந்தது தேவையற்ற வேலை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி உடையையும் சேர்த்து வெட்டிவிடுவோர் உண்டு. தரவையில் முள்மரம் கண்டால் உச்சியைப் பாருங்கள்: குடைபோல் தட்டையாக விரிந்திருந்தால் கோடரியைக் கீழே வையுங்கள்.