ஊட்டி கிளப் மேஜையும் 5,000 ரூபாய் கேமும்

புது வீடியோ கேம் ஒன்றுக்கு சுமார் 5,000 ரூபாய் கொடுக்கலாமா? ஊட்டியின் பழைய கதை ஒண்ணு இதுக்கு உதவும்.

1875ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின், பில்லியர்ட்ஸ் மேஜையில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். அதுதான் ஸ்னூக்கர். அதன் விதிகள் 1882ல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன.

முழு அளவு மேஜை 12 அடி நீளம். ஸ்லேட் கல்லோடு ஒரு டன்னுக்கு மேல் எடை. மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899ல், ஊட்டிக்கு 1908ல். அதுக்கு முன்னாடி எல்லாம் மலைப்பாதையில்தான் ஏறணும். ஆனா ஸ்னூக்கருக்குப் புது மேஜை தேவைப்படலை. இருந்த மேஜை, சில பந்துகள், புது விதிகள் போதும்.

இன்றைய பெரிய கேம்களில் கிராஃபிக்ஸுக்கும் விளம்பரத்துக்கும் ஏகப்பட்ட பணம் போகுது. அது நம்ம காலத்து ஸ்லேட் மேஜை. விதிகள் நம்மளை மறுபடி மறுபடி ஆட வைக்குதான்னு பாருங்க. வைத்தால் விலை தகும்.

அன்னிக்கு கிளப் உறுப்பினருக்குத்தான் மேஜை. இன்னிக்கும் 5,000 என்பது கொழுந்து பறிக்கிறவரின் ஒரு வாரக் கூலிக்கு மேல். பல கேம்கள் பின்னாடி தள்ளுபடிக்கு வரும்; அவசரமில்லேன்னா காத்திருக்கலாம்.