பழவேற்காட்டுக்குப் பிள்ளைகளோடு போகுமுன்

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகக் குடும்பம் குடும்பமாகப் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் ஏறிய படகு ஏரியில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்த ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைக்கிறவர்கள் அந்த நாளை மறந்துவிட்டுத் திட்டமிடக் கூடாது. ஆனால் தடை ஒன்றே அதற்குப் பதில் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஏரியில் யார், எப்போது, எந்த இடத்தில் இறங்கலாம் என்பதை ஊர் கூடி வகுத்துக்கொண்ட பழைய வழக்கம் ஒன்று உண்டு. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகும் தொழில் மட்டும் அந்த வழக்கத்துக்கு வெளியே வளர்ந்தது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

வெளியார் வருகை இவ்வூருக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1610-இல் அனுமதி பெற்று 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம்; 1690-இல்தான் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பருத்தித் துணி இங்கிருந்து கப்பலேறியது. விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்களுக்கோ சென்னை இருந்தது. வணிகம் போனபின் எஞ்சியது இன்று முட்புதர் மண்டிய கோட்டை மேடும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டமும்தான். அந்தத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பிள்ளைகள் முதலில் அவற்றிடம்தான் ஓடுவார்கள். உள்ளே கிடக்கும் கல்பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இப்படி ஒரு கல்கூட இல்லை என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். சின்னஞ்சிறுசுகளிடம் இதையெல்லாம் பேசலாமா என்று தயங்குவார்கள் சிலர். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும், புரியவும் வேண்டும்.

கோட்டையைவிடப் பெரிதாக எனக்குப் படுவது, முதலில் சொன்ன அந்தப் பழைய வழக்கமான ‘பாடு’. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவ மீனவர் ஊர்களில், இறால் நன்றாகப் படும் நீர்ப்பரப்பில் கழி நட்டு வலை கட்டும் உரிமை எவருக்கும் தனிச்சொத்து அல்ல. தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவர்கள் குலுக்கல் போட்டு, முறைவைத்து இறங்குகிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை அதை இன்னொருவருக்கு விட்டாக வேண்டும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். ஏரி ஆழமில்லாதது, முகத்துவாரம் மணலால் அடைபட்டால் நீரின் உவர்ப்பும் மீன்வரத்தும் மாறிப்போகும். அதனால், அளவாக ஆக்கிய சோறு பந்தியின் கடைசி இலை வரை வரவேண்டும் என்ற கணக்குதான் பாடு முறையில் இருப்பது.

அது முழு நியாயமான ஏற்பாடும் அல்ல. தலித் மீனவர்களையும், தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களையும் நல்ல இடங்களுக்கு வெளியே நிறுத்தியே அது நடந்தது. அதனால் பூசல்களும் மூண்டன. ஆகவே பாடு முறையை அப்படியே சுற்றுலாவுக்குப் பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவை முறைவைப்பும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும். வலை வளைக்கத் தெரிந்தவருக்கு ஆளேற்றத் தெரிய வேண்டியதில்லையே என்பார்கள். உண்மைதான். மீன்பிடிப் படகு குழந்தைகள் எழுந்து நிற்கவும் ஓடவும் ஏற்றதல்ல. அதனால்தான் ஆட்களுக்கென்று தனிப் படகு, உரிமம், மிதவைச் சட்டை, ஏறுவோர் வரம்பு எல்லாம் வேண்டும். அவற்றை அரசு கண்டிப்பாகப் பார்க்கட்டும். யாருடைய முறை என்பதை, இதுவரை ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு ஊர்கள் தீர்மானிக்கட்டும். வெறும் தடை ஆசையைத் தீர்த்துவிடாது. கண்மறைவில் ஏற்றுகிறவரிடம் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணிக் கேட்க ஆளிருக்காது.

அப்படி ஒரு ஏற்பாடு வரும்வரை, படகில்லாத நாளாகவே குடும்பங்கள் இதைத் திட்டமிட வேண்டும். ஏரிக்கு வந்துவிட்டுத் தண்ணீரில் போகாமல் திரும்புவதா என்று பிள்ளைகள் முறுக்கிக்கொள்வார்கள். வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவருவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையின் மழையும் புயலும் ஓய்ந்து, தை மாசியில் வந்தால், ஆழங்குறைந்த நீரில் பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீன்பிடிக்கக் கட்டுப்பாடு உண்டு என்பதால், தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். காலையிலேயே வந்தால் படகுகள் கரை சேர்வதையும், பெண்கள் இறாலையும் நண்டையும் கூறுகட்டி வைப்பதையும் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கான மீனை அவர்களிடமே வாங்கி, ஊரிலேயே சமைத்துத் தரச் சொல்லலாம். பனையோலைக் கூடை பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். பேரம் பேசாமல் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளலாம்.