ரிக் வண்டித் தொழிலாளர்

ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு ஊர் ஊராகப் போய், அந்த லாரியிலேயே சமைத்து, உண்டு, உறங்கி, போகிற இடத்தில் கிடைக்கும் வேலையில் பிழைக்கும் தொழிலாளர்கள். நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடும் அதன் சுற்றுவட்டாரமும் இத்தொழிலின் தாயகம். பெங்களூரும் அதைச் சூழ்ந்த கோலார், சிக்கபள்ளாப்பூர், ராமநகரம் பகுதிகளும் இதன் முக்கியமான களங்கள். மேலைநாடுகளில் குடியிருக்கும் வண்டியோடு வேலை தேடிப் போகிறவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதே வாழ்க்கையைப் பல பத்தாண்டுகளாக நம் சாலைகளில் நடத்திவரும் இவர்களைப் பற்றிய பதிவு மிகக் குறைவு.

முன்னோர்

தக்காணப் பீடபூமியில் வண்டியும் மாடும் வீடுமாக அலைந்து சம்பாதித்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர்கள் லம்பாடிகள். உப்பும் தானியமும் பொதிமாடுகளில் ஏற்றி, தாண்டா எனப்படும் முகாமாக நகர்ந்தவர்கள். திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், 1791 மார்ச்சில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய், தீனியின்றி மாடுகள் செத்து விழுந்ததால், பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அடுத்த படையெடுப்பில் தானியம் தடையின்றி வந்ததில் லம்பாடிகளின் பொதிமாடுகளுக்குப் பெரும் பங்குண்டு. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் வரை ரயில் வந்தது. ரயில்பாதைகள் பெருகப் பெருக அந்தப் பொதி வணிகம் நொடித்துப்போனது. அலைந்து பிழைத்ததையே குற்றத்தின் அறிகுறியாகக் கருதிய குற்றப்பரம்பரைச் சட்டம் பல பகுதிகளில் அவர்கள் மேல் பாய்ந்தது. அந்த முத்திரை 1952இல்தான் நீங்கியது.

தொழில்முறையில் இன்னும் நெருங்கிய முன்னோர் ஒட்டர்கள். கர்நாடகத்தில் இன்று போவி என்ற பெயரால் அறியப்படும் இச்சமூகத்தார் ஏரி வெட்டவும் கிணறு தோண்டவும் கல் உடைக்கவும் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் போனவர்கள். வேலை நடக்கும் இடத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு, கிணற்றில் ஊற்றுக் கண்டதும் அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். கடப்பாரையும் சம்மட்டியும் வெடிமருந்தும் செய்த வேலையைப் பிற்பாடு இயந்திரம் எடுத்துக்கொண்டது. கிணறு தேவைப்படுகிறவரின் வாசலுக்குத் தொழிலாளியே தன் குடியிருப்போடு போய்ச் சேரும் முறை மட்டும் மாறவில்லை.

இயந்திரம் வந்த வழி

தென்னிந்தியாவின் அடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல்லும் அதைப்போன்ற கடினப் பாறையும்தான். மேல்மண்ணுக்குக் கீழே உளுத்த பாறை. அதற்கும் கீழே இறுகிய பாறையும் அதன் வெடிப்புகளில் தேங்கிய நீரும். இப்பாறையில் பழைய இடிப்பு முறை இயந்திரங்களால் ஒரு துளை போடப் பல வாரங்கள் பிடித்தன. 1967இல் பீகார் வறட்சியின்போது, காற்றழுத்தத்தால் துளையின் அடியிலேயே இயங்கும் சுத்தியல் (ஹேமர்) பொருத்திய ரிக்குகளை யூனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கம்ப்ரஸர் அனுப்பும் காற்று ஹேமரை இயக்கும். டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதித்த பிட் பாறையைப் பொடியாக்கும். அதே காற்று அந்தப் பொடியை மேலே தள்ளிவிடும். வாரக்கணக்கு நாள்கணக்காகி, இன்று மணிக்கணக்காகச் சுருங்கியிருக்கிறது.

இந்த நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் கொண்டுபோனது ஆறு, கால்வாய்ப் பாசனம் போதாத கொங்கு நாட்டின் ஒரு மூலை. திருச்செங்கோட்டிலும் பக்கத்து நாமக்கல்லிலும் லாரித் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. லாரிக்குக் கூடு கட்டுகிறவர், பட்டறைக்காரர், வெளிமாநிலச் சாலையில் பழகிய ஓட்டுநர், பங்கு போட்டு வண்டி வாங்கும் உறவினர் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ரிக் என்பது அவர்களுக்கு லாரியின் தொடர்ச்சிதான். பிற்பாடு ரிக் தயாரிக்கும் நிறுவனங்களே அங்கு எழுந்தன. பி.ஆர்.டி. போன்றவற்றின் இயந்திரங்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. எந்த அரசுத் திட்டமும் தொடங்கிவைக்காமல் ஒரு சிறு நகரம் தானாக வளர்த்துக்கொண்ட தொழில் இது.

ஆழ்துளைக் கிணறுகளின் தேவையைப் பெருக்கியவற்றில் மின்சாரக் கொள்கைக்கு இடமுண்டு. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். கர்நாடகத்தில் 2008 முதல் 10 குதிரைத்திறன் வரையுள்ள பம்ப்செட்டுகளுக்கு இலவசம். கோயம்புத்தூரின் நீர்மூழ்கி மோட்டார்களும் சேர்ந்துகொள்ள, ஆழம் ஒரு தடையாக இல்லாமல் போயிற்று.

பெங்களூரு

கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் ஓடாத இடத்தில் வளர்ந்த நகரம் பெங்களூரு. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்தும் 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதி ஆற்றின் நீர் வந்தது. 1974இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் மேலேற்றப்பட்டது. 2007இல் மாநகராட்சி விரிந்து, சுற்றியிருந்த ஏழு நகரசபைகளும் 110 கிராமங்களும் உள்ளே வந்தன. குழாய் மட்டும் அதே வேகத்தில் போய்ச்சேரவில்லை. ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாப்பூர் சாலையிலும் எழுந்த அடுக்ககங்கள் நிலத்தடி நீரையும் டேங்கர் லாரியையும் நம்பின. டேங்கர் நிரம்பியதும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான். அந்த நகரத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில் ரிக் வண்டியில் படுத்துறங்கியவர்களின் பங்கை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் பெங்களூர் வரலாறு குறையுள்ளது.

நகரத்தோடு இவர்களுக்கு இன்னொரு பிணைப்பும் உண்டு. தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் போகும் ரிக் வண்டிகளைக் கவனித்தால் பலவற்றில் கே.ஏ. 01 என்று எண்பலகை இருக்கும். அது பெங்களூரில் பதிவான எண். உரிமையாளர் திருச்செங்கோட்டுக்காரர், வண்டி ஓடுவது மத்தியப் பிரதேசத்திலாகக்கூட இருக்கலாம், எண் மட்டும் பெங்களூரு. வரி குறைவு என்பதே உரிமையாளர்கள் சொல்லும் காரணம்.

வண்டி வாழ்க்கை

ஒரு ரிக் என்பது பெரும்பாலும் இரண்டு லாரி. ஒன்றில் நிமிர்த்தி மடக்கும் கோபுரமும் கம்ப்ரஸரும். மற்றது துணை லாரி: துளையின் மேற்பகுதி சரியாமல் காக்கும் கேசிங் பைப், ராடு, டீசல், உதிரி ஹேமர், அரிசி மூட்டை, அடுப்பு, பாய், துணிமணி. ஓட்டுநர், டிரில்லர், கணக்கும் பேச்சுவார்த்தையும் பார்க்கும் மேனேஜர், உதவியாளர்கள் ஆகியோர் இந்த இரண்டு வண்டிக்குள்தான் மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். துளை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் துணை லாரியின் நிழலில் சோறு வடிப்பார். தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அது கூரை. குளியல், பல நாட்களில், அவர்களே எடுத்த தண்ணீரில்.

முன்பு ஆட்களும் கொங்கு வட்டாரத்தவர்களாகவே இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகத் தொடங்கியபின், உதவியாளர் வேலைக்குச் சத்தீஸ்கர், ஜார்கண்ட், ஒடிசா, பீகார்க்காரர்கள் வந்தார்கள். இன்று ஒரு ரிக்கில் தமிழும் இந்தியும் கலந்த ஒரு தொழில்மொழி ஓடுகிறது. வீட்டுக்காரரோடு பேசக் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். சம்பளத்தோடு ஓட்டிய அடிக்கு ஏற்பப் பேட்டாவும் உண்டு என்பதால், இரவென்றும் பகலென்றும் பாராமல் துளை ஓடும்.

அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 2008 முதல் பல ஆண்டுகள், வண்டியில் வாழ்பவர்களை, பெரும்பாலும் முதியவர்களை, பண்டிகைக்காலக் கிடங்கு வேலைக்குத் தனித் திட்டம் வைத்து எடுத்தது. ஜெசிகா ப்ரூடரின் ‘நோமேட்லேண்ட்’ (2017) அந்த வாழ்க்கையைப் பதிவு செய்தது. 2020க்குப் பின் பெங்களூரிலும் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேன்களில் இருந்தபடியே கணினி வேலை பார்ப்போர் தென்படத் தொடங்கினார்கள். இவர்களோடு ரிக் தொழிலாளியை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. அங்கெல்லாம் வண்டி, அதில் வாழ்பவருடையது; வேலை பிடிக்காவிட்டால் வீட்டை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ரிக் தொழிலாளிக்கு வண்டி முதலாளியுடையது. வேலையை விட்டால் அன்றிரவு படுக்கவும் இடமில்லை.

வேலை பிடிக்கும் விதம்

ரிக்குக்கு வேலை கொண்டுவருபவர் ஏஜென்ட். புறநகர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சிறு அறை, வாசலில் கொட்டை எழுத்தில் போர்வெல் என்று பலகை. உள்ளூர்க்காரரான அவரிடம்தான் தோட்டக்காரரும் வீடு கட்டுபவரும் வருவார்கள். நீரோட்டம் பார்ப்பவர், மேஸ்திரி, மோட்டார்க் கடைக்காரர் என அவருக்குத் துப்புச் சொல்ல ஒரு வட்டம் உண்டு. அடிக்கு இவ்வளவு என்று பேசி, தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் காலியாக நிற்கும் ரிக்கை அனுப்புவார். கைபேசிக்கு முன்னால், வண்டி நிற்கும் இடமே விளம்பரமாக இருந்தது. இன்று ஒரு துளை முடிவதற்குள் அடுத்ததற்கு அழைப்பு வந்துவிடுகிறது. அப்படி வராத நாளின் டீசல், சோறு, சம்பளம் எல்லாம் கைக்காசு.

கூலி அடிக்கணக்கு. முதல் 300 அடி போன்ற ஓர் எல்லைவரை ஒரு விலை. அதன்பின் நூறு நூறு அடியாக விலை ஏறும். கேசிங் தனி. வழக்கமான ராடு 20 அடி என்பதால் எத்தனை ராடு இறங்கியது என்பதே பில். வீட்டுக்காரர் துளையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ராடுக்கும் சுவரில் ஒரு கோடு கிழிப்பது எங்கும் காணும் காட்சி. முதலில் செம்மண் வரும், பிறகு சாம்பல் நிறப் பொடி. பொடி ஈரமாகித் திரண்டால் எல்லோர் முகமும் மாறும். நீர் பீறிட்டால் இத்தனை இன்ச் என்று அளவு சொல்வார்கள். எதுவும் வராவிட்டால் ‘வெறும் புகை’. புகை வந்த துளைக்கும் அடிக்கணக்கில் முழுக்கூலி உண்டு. ஆனால் வீட்டுக்காரர் நொந்துபோய் நிற்கும்போது அதைக் கேட்டு வாங்குவது மேனேஜருக்கு மிகக் கடினமான வேலை.

கோடையில் ஓய்வில்லை, மழைக்காலத்தில் வேலையில்லை. ஓயாமல் ஓடும் கம்ப்ரஸர் குடிப்பதெல்லாம் டீசல் என்பதால், 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீங்கியபின் ஒவ்வொரு விலையேற்றமும் நேராகக் கூலியில் முட்டியது. திருச்செங்கோட்டு உரிமையாளர்கள் அடிக்கட்டணத்தை உயர்த்தக் கோரி வண்டிகளை நிறுத்தியதும் உண்டு.

சட்டமும் உடலும்

கர்நாடக நிலத்தடி நீர்ச் சட்டம் (2011) ரிக்குகளைப் பதிவு செய்யச் சொன்னது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதிய துளைக்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது. கைவிட்ட துளைகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததையடுத்து உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிமுறைகளும் ரிக்குக்காரர்களுக்குப் பொறுப்பு வைத்தன. 2024 கோடையில் பெங்களூரின் ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் அறிவித்தார். மார்ச் 15 முதல் அனுமதியின்றித் துளையிடுவது தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 16இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர், 2007இல் நகரத்தோடு சேர்ந்த அந்த 110 கிராமங்களை நோக்கித் திரும்பியது.

இவை அனைத்தும் தேவையான விதிகள். இவை கணக்கில் எடுப்பது துளையையும் வண்டியையும். வண்டிக்குள் இருப்பவரை அல்ல. பாறைப்பொடியில் இருப்பது சிலிக்கா. உலர்ந்த துளையிலிருந்து அது மேகமாக எழும்போது அருகில் நிற்கும் உதவியாளரின் புருவம்வரை வெளுத்துப்போகும். முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டு மட்டும். சிலிக்கோசிஸ் ஆண்டுகள் கழித்து வெளிப்படும் நோய், குணப்படுத்த மருந்தில்லை. அது வெளிப்படும்போது தொழிலாளி சத்தீஸ்கரில் தன் ஊரில் இருப்பார், அவர் துளையிட்ட இடங்கள் ஐந்து மாநிலங்களில் கிடக்கும், நோய்க்குப் பொறுப்பு யார் என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. துளைக்குள் நீர் செலுத்திப் புழுதியை அடக்குவதும் தரமான முகமூடியும் பெரும் செலவல்ல. ஏஜென்டின் கமிஷனைப்போல அடிக்கணக்கிலேயே இதையும் சேர்த்துவிடலாம்.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடைப்பட்ட புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வெளிமாநிலத்தவர் ஐந்து பேரையோ அதற்கு மேலோ பணியமர்த்துவோரைக் கட்டுப்படுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பைப் பத்தாக உயர்த்தியுள்ளது. ஒரே ஒரு ரிக் வைத்திருக்கும் உரிமையாளரிடம் வெளிமாநிலத்தவர் பத்துப் பேர் இருப்பது அரிது. 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவும், எந்த மாநிலத்திலும் பொருள் வாங்க வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டையும் இவர்களுக்குப் பொருந்தும். ஆனால் ரேஷன் கடை திறந்திருக்கும் நேரத்தில் ரிக் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு தோட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.