15 பிரதிகளும் ஒரு கத்தரிக்கோலும்

வியட்நாம் போருக்குள் அமெரிக்கா எப்படிப் படிப்படியாக இறங்கியது என்பதை ஆராய்ந்து எழுதும்படி 1967 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா உத்தரவிட்டார். உருவானவை 47 தொகுதிகள், சுமார் 7,000 பக்கங்கள். பிரதிகளோ 15தான். அவற்றில் ஒன்று சான்டா மோனிகாவில் உள்ள ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. அங்கே இரும்புப் பெட்டகமும் உண்டு, வாசலில் காவலர்களும் உண்டு. 1969 அக்டோபரில் டேனியல் எல்ஸ்பெர்க் அந்தத் தாள்களைக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு காவலர்களின் கண்ணெதிரிலேயே வெளியே போனார். அவர் அந்த ஆய்வில் பங்கெடுத்தவர். அதைப் படிக்க முறையான அனுமதி பெற்றவர். தெரிந்தவர் ஒருவரின் விளம்பர அலுவலகத்தில் இரவில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடியது. ‘பரம ரகசியம்’ என்ற முத்திரையை எல்ஸ்பெர்க்கின் சின்ன மகள் கத்தரிக்கோலால் நறுக்கினாள்.

எந்தப் பூட்டும் சாவி வைத்திருப்பவரைத் தடுக்காது. ஒரு ரகசியம் பயன்பட வேண்டுமானால் அதைச் சிலர் அறிந்தே ஆக வேண்டும்; அதற்குப் பிறகு அதைக் காப்பது, ‘இது மறைக்கத் தக்கதுதான்’ என்று அவர்கள் மனத்தில் இருக்கும் நம்பிக்கை மட்டுமே. போர் பற்றி மக்களிடம் சொன்னது ஒன்று, உள்ளே எழுதிவைத்தது வேறொன்று என்று எல்ஸ்பெர்க் கண்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. உடைத்தது அரசுதான் என்பேன்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் தன் மனசாட்சிப்படி ஆவணங்களை அள்ளி வீசலாமா, படைவீரர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. எல்லா அரசுகளுக்கும் மறைக்க வேண்டியவை உண்டு. எல்ஸ்பெர்க்கும் அதை மறுக்கவில்லை: சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளை அவர் பத்திரிகைகளுக்குத் தரவேயில்லை. மற்றவற்றைப் பத்திரிகைகள் வெளியிட்டால் நாட்டுக்கு ஆபத்து என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடிய எர்வின் கிரிஸ்வோல்டே, அந்த வெளியீட்டால் தேசப் பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்த தடயம் எதையும் தான் பார்த்ததில்லை என்று 1989-ல் எழுதினார். கண்டதற்கெல்லாம் முத்திரை குத்தினால் உண்மையான ரகசியத்தின் மதிப்பும் சேர்ந்தே போய்விடும்.

கெடுபிடியைக் கூட்டுவதாலும் பயன் விளையவில்லை. 1971 ஜூன் 13-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்த ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அரசு தடை வாங்கியதும் ‘வாஷிங்டன் போஸ்ட்’ தொடர்ந்தது. ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் பத்திரிகைகளின் பக்கம் நின்றது. கசிவை அடைக்க அதிபர் நிக்சனின் வெள்ளை மாளிகை அமர்த்திய ஆட்கள், எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவரின் அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தார்கள். அதுவும் வெளியே வந்தது. 1973 மே 11-ல் நீதிபதி எல்ஸ்பெர்க் மீதான வழக்கையே தள்ளுபடி செய்தார்.