இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா

சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவர் ஏதாவது சாதித்துவிட்டால், எங்கட பத்திரிகைகள் உடனே 'தன்னம்பிக்கை' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அந்த மனிசர் காலமை கட்டிலால எப்படி இறங்கினார், மலசலகூடத்துக்கு எப்படிப் போனார், வேலைக்கு எதில் ஏறிப் போனார் என்று ஒரு வரியும் இருக்காது. இந்தக் கேள்விகளுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதைப் பற்றித்தான் கதைக்கப் போறம்.

எகிப்தில் கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட ஒரு மருத்துவச் சுவடி இருக்கிறது. எட்வின் ஸ்மித் பப்பைரஸ் என்பார்கள். கழுத்து முள்ளெலும்பு விலகி, கைகால் உணர்விழந்து போனவரைப் பற்றி அதில் வருகிறது. இது வைத்தியம் செய்யக்கூடிய வருத்தம் இல்லை என்று அந்தச் சுவடி முடித்துவிடுகிறது. முதலாம் உலக யுத்தத்தில் முதுகில் குண்டுபட்ட படையினருக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான். பெரும்பாலானவர்கள் இறந்துபோனார்கள்.

ஆனால் அவர்களைக் கொன்றது முள்ளந்தண்டு இல்லை. உணர்ச்சி இல்லாத தோல் ஒரே பக்கமாக அழுந்தினால் படுக்கைப்புண் வரும், அது எலும்பு வரைக்கும் போகும். சிறுநீர்ப்பை தானாக வெறுமையாகாது, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும். அதாவது தடுக்கக்கூடிய இரண்டு காரணங்களால் செத்தார்கள்.

லுட்விக் குட்மன் என்ற யூத இளைஞன் 1917 இல் ஜெர்மனியில் ஒரு வைத்தியசாலையில் தொண்டனாக வேலை செய்தபோது, முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குறிப்பெழுதப் போனவனுக்கு, மினக்கெடாதே, ஆள் சில கிழமைகளில் முடிந்துவிடுவார் என்று சொல்லப்பட்டது. அப்படியே நடந்தது. அந்த இளைஞன் பிறகு பெயர்பெற்ற நரம்பியல் வைத்தியரானான். 1933 இல் யூதர் என்பதால் நாசிகள் வேலையைப் பறித்தார்கள். 1939 இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார்.

பிரான்ஸில் படை இறக்கப்படும், முதுகுக் காயக்காரர் வருவார்கள் என்று எதிர்பார்த்து, 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் ஒரு பிரிவு திறந்தார்கள். பொறுப்பு குட்மனுக்கு. அவர் கொண்டுவந்த புரட்சி பார்க்கப்போனால் சாதாரண விசயம்: பிளாஸ்ரர் கட்டுகளைக் கழற்றினார். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரவு பகல் பாராமல், திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். சிறுநீரை ஒழுங்காகக் கவனித்தார். சரியாகத் திருப்புறாங்களா என்று பார்க்க நடுச்சாமத்தில் வாட்டுக்குப் போய் நிற்பாராம். தாதியருக்கும் வேலையாட்களுக்கும் அது எவ்வளவு முதுகு முறியிற வேலை! அவர்களுடைய பெயர்கள் வரலாற்றில் இல்லை என்பது எங்களுக்கு உறுத்துது. பெனிசிலினும் அந்தக் காலத்தில்தான் கைக்கு வந்தது. அமெரிக்காவில் பொஸ்டனில் டொனால்ட் மன்ரோ 1936 இலேயே இப்படியொரு பிரிவைத் தொடங்கியிருந்தார். ஆகவே குட்மனைத் தனி அவதார புருசராகப் பார்க்கத் தேவையில்லை.

ஆக்கள் உயிரோடு இருக்கத் தொடங்கினதும் அடுத்த பிரச்சினை வந்தது: இனி என்ன செய்யிறது? குட்மன் மரவேலை, மணிக்கூடு திருத்தல், தட்டச்சு எல்லாம் பழக்குவித்தார். கட்டிலில் கிடந்து அனுதாபம் வாங்குவதை அவர் விடவில்லை. கொஞ்சம் கடுமையான மனிசர், எல்லாருக்கும் அவரைப் பிடித்ததும் இல்லை. விளையாட்டும் இதோடு சேர்ந்து வந்ததுதான். வில்வித்தையைத் தெரிவு செய்ததில் ஒரு கணக்கு இருந்தது. தோளும் கையும் பலப்படும், உடம்பு நிமிர்ந்து இருக்கப் பழகும், காலால் நிற்கிறவரோடும் சரிசமமாகப் போட்டியிடலாம். (1984 ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் நெரோலி ஃபெயார்ஹால் சக்கர நாற்காலியில் இருந்தே வில்லெய்தார்.)

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கின அதே நாள், ஸ்டோக் மண்டவில் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். 14 ஆண்கள், 2 பெண்கள். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, 1960 இல், ரோமில் 23 நாடுகளிலிருந்து 400 பேர். பின்னர் முதலாவது பாராலிம்பிக் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது அதுதான். பிரித்தானியாவுக்கு முதல் தங்கம் எடுத்த மார்கரெட் மோகன் ஒரு ஆசிரியை. அவர் ஆபிரிக்காவில் வாகன விபத்தில் காயப்பட்டது அதற்கு முந்தின வருசம்தான்!

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது ரோமின் இன்னொரு காட்சி. வீரர்கள் தங்கின கட்டடங்கள் தூண்களுக்கு மேல் நின்றன, ஏற வழி படிக்கட்டுத்தான். இத்தாலியப் படையினர் ஆக்களைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். பதக்கம் எடுத்த கையால் அந்தப் படியை என்ன செய்யமுடியும்?

இது எங்கட ஊர்க் கதையும்தான். யுத்தம் வன்னியில் எத்தனையோ பேரின் முள்ளந்தண்டு வடத்தைப் பாதித்துவிட்டுப் போனது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பாக மாங்குளத்தில் 'உயிரிழை' இயங்குகிறது. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் 1944 இல் எப்படியோ, இன்றைக்கும் இந்தக் காயமுள்ளவர்களுக்கு அதே ஆபத்துத்தான். திருப்பிப் படுக்கவைக்க அம்மாவோ மனைவியோ இரவில எழும்போணும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், வங்கி, பிரதேச செயலகம் என்று படிகள்.

கிரிக்கெட் நடுவராக இருந்த அஜித் பெரேராவின் காரின் மேல் 1992 இல் மரம் விழுந்தது. அதன் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான். கட்டடங்களில் அணுகுவசதி இருக்கோணும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தும் கடதாசியில் கிடந்தபோது, 2009 இல் அவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்டார். புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் வாசலும் மலசலகூடமும் எல்லாரும் பாவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று 2011 இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

எங்கட பீடத்தில் வரலாற்று விரிவுரை நடக்கிறது இரண்டாம் மாடியில, லிப்ட் இல்லை. பக்கத்தில் புதுக் கட்டடம் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டியிருக்கினம். அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறதுக்கு அடுத்த கிழமை நாங்கள் நாலு பேர் போறம்.