கேதுருக் காட்டின் காவலன்

வெல்ல முடியாதவனை மனிதன் ஒருவன் வென்ற கதை ஏறக்குறைய எல்லா நாட்டு இலக்கியங்களிலும் உண்டு. அரக்கனின் வலிமை பெருகப் பெருக, கேட்போர் நெஞ்சம் எளியவன் பக்கமே சாய்கிறது. அரக்கன் வீழ்ந்ததும் மனநிறைவோடு நாம் எழுந்துவிடுகிறோம். ஆனால், இத்தகைய கதைகளுள் மிகத் தொன்மையான ஒன்று அவ்விடத்தில் முடிவதில்லை. வென்றவனுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்பதே அதன் பெரும்பகுதி. அதுதான் மெசபொத்தாமியாவின் கில்கமேஷ் காவியம்.

அது நமக்குக் கிடைத்த வரலாறே வியப்புக்குரியது. இறைவாக்கினர் யோனா அனுப்பப்பட்டதாக விவிலியம் கூறும் நினிவே மாநகர், இன்றைய ஈராக்கில் மோசூல் நகரையொட்டி மண்மேடாய்ப் புதைந்து கிடந்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆண்ட அசீரிய மன்னன் அசூர்பானிபால், ஆப்பு வடிவ எழுத்துகள் பொறித்த களிமண் ஏடுகளைத் திரட்டி ஒரு பெரும் நூலகம் அமைத்திருந்தான். கி.மு. 612இல் பகைவர் நகரை அழித்தனர். ஓலையாய் இருந்திருந்தால் தீ அனைத்தையும் விழுங்கியிருக்கும். களிமண் ஏடுகளோ உடைந்தும் சிதைந்தும் எஞ்சின. மோசூலில் பிறந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் என்பவர் 1853இல் அந்த அரண்மனையை அகழ்ந்து ஏடுகளை வெளிக்கொணர்ந்தார். பணத்தாள் அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழில் பயின்ற ஜார்ஜ் ஸ்மித், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அவற்றைப் படித்தறிந்தார். நோவாவின் பெருவெள்ளத்தை ஒத்த கதையொன்று அவற்றில் இருப்பதை 1872 டிசம்பர் 3ஆம் நாள் இலண்டனில் அவர் அறிவித்தபோது அறிஞர் உலகம் அதிர்ந்தது. எல்லாருடைய கண்களும் வெள்ளத்தின் மேலேயே இருந்தன. ஆயினும், அதே காவியத்தில் ஒரு காடும் இருந்தது.

ஊருக் நகரின் அரசன் கில்கமேஷ். மூன்றில் இரு பங்கு தெய்வம், ஒரு பங்கு மனிதன். அந்த ஒரு பங்கே அவனைச் சாவுக்கு உரியவனாக்கியது. வாழ்நாள் குறுகியது, புகழாவது நிலைக்கட்டும் என்று கருதிய அவன், தன் நண்பன் என்கிடுவுடன் கேதுருக் காட்டிற்குப் புறப்படுகிறான். அக்காட்டைக் காக்க என்லில் தெய்வம் நிறுத்திய காவலன் ஹும்பாபா. அவன் குரல் வெள்ளம், வாய் நெருப்பு, மூச்சு மரணம். போகவேண்டாம் என ஊர்ப் பெரியோர் தடுத்தும் அரசன் கேட்கவில்லை. கதிரவத் தெய்வம் ஷமாஷ் ஏவிய காற்றுகள் ஹும்பாபாவைச் சூழ்ந்து திணறடிக்கின்றன. பிடிபட்ட அவன் உயிர்ப்பிச்சை கேட்கிறான். அவனைக் கொன்றுவிடுமாறு தூண்டுபவன் என்கிடு. காட்டில் வளர்ந்தவன், ஹும்பாபாவை முன்பே அறிந்தவன். தலை விழுகிறது. கேதுரு மரங்களும் வீழ்கின்றன.

இந்த இடத்தின் ஆழத்தை நாம் உணர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. 2011இல் ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிய ஏடுகளுள் ஒன்று, இக்காவியத்தின் ஐந்தாம் ஏட்டைச் சார்ந்தது. அறிஞர்கள் அதனை 2014இல் வெளியிட்டனர். அதுவரை அறியப்படாத அடிகள் அதில் இருந்தன. பறவைகளும் சிள்வண்டுகளும் குரங்குகளும் எழுப்பும் ஒலியால் காடு நிறைந்திருக்கிறது. அரசன் முன் இசைவாணர் இசைப்பதுபோல் அவை ஹும்பாபாவின் முன் இசைக்கின்றன. அரக்கன் என்று நாம் நினைத்தவனுக்கும் ஓர் அவை இருந்தது. மரங்கள் வீழ்ந்தபின், காட்டைப் பாழாக்கிவிட்டோமே, என்லிலுக்கு என்ன விடை கூறுவோம் என்று கலங்குகிறான் என்கிடு. கொல்லத் தூண்டிய அதே வாயிலிருந்து அக்கேள்வி எழுகிறது.

பின்னர், இஷ்தார் தேவதையின் சினத்தால் மண்ணுக்கு வந்த வானக் காளையையும் இருவரும் கொல்கின்றனர். இருவருள் ஒருவன் சாகவேண்டும் எனத் தெய்வங்கள் தீர்ப்பிடுகின்றன. என்கிடு நோயுற்று மடிகிறான். போர்க்களத்தில் அன்று, படுக்கையில். ஆறு பகலும் ஏழு இரவும் கில்கமேஷ் உடலை அடக்கம் செய்யவிடவில்லை. நண்பனின் மூக்கிலிருந்து புழு விழக் கண்ட பிறகே அவன் மரணத்தை நம்புகிறான். சாவை வெல்லும் வழி தேடி உலகின் எல்லைவரை செல்கிறான். ஆறு நாள் உறங்காதிரு என்ற சோதனையில், அமர்ந்த மாத்திரத்தில் உறங்கிப்போகிறான். முயன்று பெற்ற இளமை மூலிகையையும் பாம்பு கவர்ந்து செல்கிறது. ஹும்பாபாவை வீழ்த்திய கை, உறக்கத்தையும் ஒரு பாம்பையும் வெல்ல இயலாமல் வெறுங்கையாய்த் திரும்புகிறது. ஊருக்கின் மதில்களை உடன்வந்த படகோட்டிக்குச் சுட்டிக்காட்டும் அரசனோடு பயணம் நிறைவுறுகிறது.

வெற்றியைப் பாடுவது எளிது. பகைவன் கெஞ்சியபோது என்ன செய்தோம், அவன் காத்துவந்தது என்னவாயிற்று என்று வென்றவனையே கேட்கவைப்பது அரிது. அதைச் செய்த புலவர்கள் நமக்கு நெடுந்தொலைவு முன்னே வாழ்ந்தவர்கள். நம் வாழ்விலும் எவரையேனும் அரக்கர் எனப் பெயரிட்டு வீழ்த்தி மகிழும் நாள்கள் வருவதுண்டு. அன்று மாலையேனும் என்கிடுவின் கேள்வியை நாம் கேட்டுப் பார்த்தால் நலம்.