இரைச்சலின் எல்லை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஒப்புமைச் சைகையை எண்ணாக மாற்றும் நுண்மாற்றியைச் சூழ்ந்து சுற்றுக்களை வடிவமைப்போர் எதிர்நோக்கும் முதற் பிரச்சினை இரைச்சலாகும். இதனைத் தொழில்நுட்பத் திறனின் குறைபாடாகக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. வரலாற்றை நோக்கின் அக்கருத்து நிலைபெறாது.

1915 இல் நியூயோர்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியால் இணைக்கப்பட்டன. வெற்றிடக்குழாய் விரியலாக்கிகளே அதனைச் சாத்தியமாக்கின. ஆயின் அவை குரலோடு இரைச்சலையும் பெருக்கின. மின்னோட்டம் தனித்தனி இலத்திரன்களாகச் செல்வதால் குழாயில் ஏற்றவிறக்கம் தவிர்க்கவியலாதது என 1918 இல் ஜேர்மனியில் வோல்ட்டர் ஷொட்கி காட்டினார். பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் ஜோன்சன் கண்டது இன்னும் வியப்பானது: மின்கலம் எதுவும் இணைக்கப்படாத வெறுந் தடையியும் இரைகின்றது. அவ்விரைச்சல் தடையி எப்பொருளாலானது என்பதைச் சாராது. தடையையும் தனி வெப்பநிலையையும் அளக்கும் மீடிறன் பட்டையின் அகலத்தையுமே சாரும். இதற்கு வெப்பவியக்கவியல் விளக்கம் தந்தவர் ஹரி நைகுவிஸ்ற். இருவரும் சுவீடனிலிருந்து குடிபெயர்ந்தோர். இருவரது கட்டுரைகளும் 1928 இல் வெளிவந்தன.

இதனை இரு மேதைகளின் தனிச்சாதனையாக மட்டும் கூறுதல் போதாது. ஆய்வுக்கான கருவிகளும் அவகாசமும் தொலைபேசிக் கம்பனியின் இலாபத் தேவையிலிருந்தே கிடைத்தன. கம்பனி வேண்டியதோ இரைச்சலற்ற தொடர்பு. அத்தகையதொன்று இல்லை என்பதே விஞ்ஞானம் அளித்த விடை!

இரைச்சல் நிலையத்துக்கு நிலையம் சேர்வதைத் தடுக்கவே, 1937 இல் பாரிசில் பணியாற்றிய அலெக் றீவ்ஸ் சைகையை எண்ணாக்கி அனுப்பும் முறையை வகுத்தார். ஆனால் எண்ணாக்குதலும் தனக்குரிய இரைச்சலைப் பிறப்பிக்கும். அதனை 1948 இல் பெனெற் கணித்தார்: படியளவின் வர்க்கத்தில் பன்னிரண்டிலொரு பங்கு.

5 வோல்ற்று வீச்சுடைய 24 பிற்று மாற்றியின் ஒரு படி ஏறத்தாழ 0.3 மைக்குரோவோல்ற்று. அறை வெப்பநிலையில் 1,000 ஓம் தடையியொன்று 10,000 ஹேர்ட்சு பட்டையில் மாத்திரம் தரும் இரைச்சலோ 0.4 மைக்குரோவோல்ற்று. எனவே தடையைக் குறைக்க வேண்டும். அதற்கு விலையாகக் கூடிய மின்னோட்டம் செலவாகும். அல்லது பட்டையை ஒடுக்க வேண்டும். அப்போது வேகம் இழக்கப்படும். விற்பனைத் தாள்களில் அச்சாகும் பிற்று எண்ணிக்கையை நாம் இவ்வொளியிலேயே வாசித்தல் தகும்.

அதே இரைச்சல் அளவுகோலாகவும் பயன்பட்டுள்ளது. சீனாவின் தேசிய அளவியல் நிறுவகத்தில் தடையியின் இரைச்சலை அளந்து போல்ற்ஸ்மன் மாறிலியைத் துணிந்தனர். 2019 இல் நடைமுறைக்கு வந்த கெல்வினின் புதிய வரைவிலக்கணத்துக்கு ஆதாரமான அளவீடுகளுள் அதுவும் ஒன்றாகும்.